இரண்டு மெத்தைக்கு நடுவில்: கொலோன் – பெர்லின் கிறிஸ்மஸ் பயணம்

டிசம்பர் 20, கொலோன்

பல வருடப் பழக்கமுள்ள இரண்டு ஆண்களுக்கான பயணம் இது. ஒருவர் மனதில் நட்பைத் தாண்டி ஏதோ ஒன்று இருக்கிறது. மற்றவருக்கும் இருக்கலாம், ஆனால் இருவரும் வாயைத் திறக்கவில்லை. விடுமுறைக்கு ஜெர்மனி போகலாம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் "சரி மச்சான்" என்று சொல்லியிருக்கிறார். அங்கிருந்து எட்டு நாள்.

முதலில் கட்டில் விவகாரம், ஏனென்றால் எல்லாச் சங்கடமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஜெர்மனியில் இரட்டைக் கட்டில் நம் ஊர்க் கட்டில் மாதிரி இருக்காது. ஒரே சட்டத்துக்குள் பெரும்பாலும் 90 செ.மீ. அகலத்தில் இரண்டு மெத்தைகள், 135-க்கு 200 செ.மீ. அளவில் ஆளுக்கொரு போர்வை, மெத்தைகளுக்கு நடுவே கை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குப் பெயரே உண்டு: பெஸூகர்ரிட்ஸே, விருந்தாளி இடுக்கு. நண்பர்கள் இருவர் இப்படிப்பட்ட கட்டிலில் படுத்தால் இங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இருந்தாலும் கொலோனில் 'ஸ்வைபெட்சிம்மர்' என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். அதில் கட்டில்கள் தனித்தனியாக இருக்கும். 'டோப்பெல்சிம்மர்' என்று போட்டால் ஒட்டிய கட்டில்தான் கிடைக்கும். "ஒரு கட்டில்தான்டா கிடைச்சுது" என்ற தந்திரம் கதையில் நன்றாக இருக்கும். நிஜத்தில், பத்து மணி நேரம் பறந்து வந்து களைத்தவனுக்கு ஒதுங்கிப் படுக்க இடமில்லாமல் செய்கிற வேலை அது. இந்தப் பயணம் முழுவதும் ஒரே விதிதான்: எதைத் திட்டமிட்டாலும் அவர் 'இல்லை' என்று சொன்னாலும் மறுநாள் நடக்கிற மாதிரி திட்டமிடுங்கள். அதனால் பெர்லினில் ஒரு டோப்பெல்சிம்மர், அதையும் கடைசி நேரத்தில் ரத்து செய்யவோ இரண்டு தனி அறைகளாக மாற்றவோ இடம் தரும் கட்டணத்தில் எடுங்கள். பத்துப் பதினைந்து யூரோ கூடுதலாகும், கொடுக்கலாம்.

விசாவுக்கு ஆளுக்கொரு விண்ணப்பம், ஆளுக்கொரு வங்கிக் கணக்கு அறிக்கை, 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடு. கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். டிசம்பர் நெரிசலுக்கு செப்டம்பரிலேயே நேரம் வாங்குவது நல்லது. அறைப் பதிவில் இருவர் பெயரும் தெளிவாக இருக்கட்டும். உறவு பற்றி விளக்கம் எதுவும் தேவையில்லை. 'நண்பருடன் சுற்றுலா' என்பதே உண்மை, அதுவே போதும்.

சென்னையிலிருந்து நேர் விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கும். விமான நிலையத்திலிருந்தே கொலோனுக்கு அதிவேக ரயில், சுமார் ஒரு மணி நேரம். டிக்கெட்டில் கொலோன் தலைமை நிலையமா, ஆற்றுக்கு அந்தப்புறம் உள்ள மெஸ்ஸே/டாய்ட்ஸ் நிலையமா என்று பாருங்கள். சில ரயில்கள் டாய்ட்ஸில் மட்டுமே நிற்கும்.

உடுப்பில் எல்லோரும் செய்யும் தவறு பருத்தி. கொலோனின் குளிர் பனிக்குளிரைவிட ஈரக்குளிர், பெரும்பாலும் பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருக்கும். பருத்தி உள்ளாடை வியர்வையைப் பிடித்துக்கொண்டு உடம்பில் ஈரமாகவே ஒட்டியிருக்கும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி, மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். காலணி ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், கம்பளிக் காலுறைக்கு இடம் வேண்டும். விரல்கள் இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், பிறகு எத்தனை காலுறை போட்டாலும் சூடேறாது.

டிசம்பர் 21, கொலோன்

சந்தைகளுக்கான நாள். பெரும்பாலான கிறிஸ்மஸ் சந்தைகள் 23-ஆம் தேதியோடு மூடிவிடும். 25-ஆம் தேதி வந்து இறங்குபவர்களுக்குக் கழற்றிப் போட்ட பலகைகள்தான் மிச்சம். தேதிகள் ஆண்டுக்காண்டு கொஞ்சம் நகரும், கிளம்பும் முன் ஒரு தடவை சரிபாருங்கள்.

காலையில் பேராலயம். 1248-இல் தொடங்கி 1880-இல் முடித்த கட்டடம், 157 மீட்டர் உயரம். தெற்குக் கோபுரத்துக்கு 533 படிகள், சுழற்படி, ஏறுபவரும் இறங்குபவரும் ஒரே வழியில் உரசிக்கொண்டு போக வேண்டும். குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடுவார்கள், அதனால் முற்பகலிலேயே ஏறிவிடுங்கள்.

மாலையில் ரூடோல்ஃப்பிளாட்ஸ் பக்கம் நடங்கள். பேராலயத்திலிருந்து அரை மணி நடை. ஷாஃபென்ஸ்ட்ராசேயை ஒட்டி 'கிறிஸ்மஸ் அவென்யூ' என்ற சந்தை போடுவார்கள். தன்பாலீர்ப்பாளர்களும் மற்ற பால்புதுமையரும் தங்கள் சந்தையாக நடத்துவது, இளஞ்சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் தூரத்திலேயே தெரிந்துவிடும். இங்கே வேறு வேலை எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரம் நின்றால் போதும். கையைக் கோத்துக்கொண்டு தின்பண்டத்துக்கு வரிசையில் நிற்கும் ஐம்பது வயது ஆண்கள் இருவரை நம்மில் பலர் இதற்கு முன் நேரில் பார்த்திருக்கவே மாட்டோம். நண்பரும் பார்ப்பார். எதைப் பார்த்து அவர் முகம் இளகுகிறது என்று கவனியுங்கள், கேள்வி கேட்க வேண்டாம்.

க்ளூவைன் என்கிற சூடான மசாலா ஒயின் 0.2 லிட்டர் குவளையில் வரும். குவளைக்கு மூன்று முதல் ஐந்து யூரோ வரை முன்பணம் பிடிப்பார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம், கொடுக்காவிட்டால் குவளை நமக்கு. இதில் ஆல்கஹால் குறைந்தது 7 சதவீதம் இருக்கும். சூடாக, இனிப்பாக, குளிரில் குடிப்பதால் ஏறுவது தெரியாது, இரண்டாவது குவளையில் திடீரென்று தெரியும். ஆகவே சொல்ல வேண்டியதை இன்றைக்குச் சொல்லாதீர்கள். குடித்துவிட்டுச் சொன்னதை மறுநாள் இருவரில் ஒருவர் "போதையில பேசினது" என்று மூடிவிடுவார். மூடியதை மறுபடி திறப்பது முதல் தடவையைவிடக் கடினம்.

பீர்க்கூடத்துக்குப் போனால் கொல்ஷ் தருவார்கள். சின்னக் கிளாஸ், அதுவும் 0.2 லிட்டர். காலியானால் கேட்காமலே அடுத்தது வந்துகொண்டிருக்கும். போதும் என்றால் அடியில் இருக்கும் அட்டையை எடுத்துக் கிளாஸின் மேல் வையுங்கள். வாயால் சொல்லிப் பயனில்லை, அட்டை பேசும்.

டிசம்பர் 22, கொலோன்

ஹாய்மார்க்ட்டில் பனிச்சறுக்குத் திடல் இருக்கும், ஜனவரி தொடக்கம் வரை. காலையில் போங்கள், மாலையில் கூட்டம் இடிக்கும். சறுக்குக் காலணியின் கயிற்றை விரல் பக்கம் தளர்வாகவும் கணுக்காலில் இறுக்கமாகவும் கட்ட வேண்டும். தலைகீழாகக் கட்டினால் கணுக்கால் உள்பக்கமாக மடியும். முதல் பத்து நிமிடம் பாதங்களை வாத்து மாதிரி விரித்து, முழங்காலை மடித்து, சிறு சிறு அடி. விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் உட்காருங்கள், பின்னால் சாயாதீர்கள், தலை அடிபடும். கையுறை கட்டாயம். ஒருவர் கையை ஒருவர் விரல் கோத்துப் பிடித்தால் ஒருவர் விழும்போது இருவரும் விழுவார்கள், விரலும் பிசகும். முன்கையைப் பிடியுங்கள். விழுகிறவர் விட்டுவிடலாம், விழாதவர் தாங்கலாம்.

பிற்பகல் மூன்றரைக்கு ஆற்றங்கரை. நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஹோஹென்சோலர்ன் பாலத்தின் அருகே, ரைன் கரையில், இளஞ்சிவப்பும் சாம்பலுமாகக் கிரானைட் கல் ஒன்று இருக்கிறது. நாஜிகள் தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கு முகாமில் தைத்துவிட்ட இளஞ்சிவப்பு முக்கோணம் அதன் வடிவம். 1995-இல் வைத்தது. 'அடித்துக் கொல்லப்பட்டனர், பேசாமல் மறைக்கப்பட்டனர்' என்பது அதிலுள்ள வாசகத்தின் பொருள். பாலத்தைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், நீங்கள் நில்லுங்கள்.

மேலே பாலத்தில் தண்டவாளத்துக்கும் நடைபாதைக்கும் நடுவிலுள்ள வேலி முழுக்கக் காதல் பூட்டுகள். 2008 வாக்கில் தொடங்கிய வழக்கம். இப்போது பூட்டின் மேல் பூட்டு மாட்டித்தான் இடம் கண்டுபிடிக்க வேண்டும். பித்தளைப் பூட்டு துருப்பிடிக்காது, இரும்பு ஒரே குளிர்காலத்தில் பழுப்பாகிவிடும். பெயரைத் தமிழில் பொறிக்க ஆசையிருந்தால் ஊரிலேயே பொறித்துக் கொண்டுபோங்கள். ஆனால் சொல்வதற்கு முன்பே பெயர் பொறித்த பூட்டை நீட்டாதீர்கள். பதிலையும் நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வெறும் பூட்டை ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம், பெயர் பொறித்ததை என்ன செய்வது? சாவியை ஆற்றில் எறியவும் வேண்டாம்.

பாலத்தின் மேலேயும் பேசாதீர்கள். ஒரு நாளைக்கு 1,200 ரயில்களுக்கு மேல் கடக்கும் பாலம். நடைபாதை அதிரும், பாதி வாக்கியத்தில் ரயில் வந்து சொல்லை முழுங்கிவிடும், "என்னடா சொன்ன?" என்று கேட்டால் இரண்டாம் தடவை சொல்லத் தைரியம் வராது. பாலத்தைத் தாண்டி டாய்ட்ஸ் கரையில் இறங்குங்கள். அங்கே ஆற்றைப் பார்த்து நீளமாகப் படிக்கட்டுகள் கட்டியிருக்கிறார்கள். எதிர்க்கரையில் பேராலயம் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும். கல் ஈரமாக இருக்கும், உட்கார ஒரு பிளாஸ்டிக் பையோ மடித்த துண்டோ எடுத்துப் போங்கள்.

இந்தப் படிக்கட்டைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காரலாம், அதனால் முகம் பார்க்காமலே பேசலாம். பொது இடம், ஆனால் காதில் விழும் தூரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். பின்னால் நடக்கும் தூரத்தில் ரயில் நிலையம், எழுந்து போக வேண்டுமென்றால் போகலாம். பரிசலோ, ராட்டினமோ, அறைக்கதவை மூடிய பிறகோ இந்தப் பேச்சுக்கு உதவாது. அங்கே கேட்பவருக்கு வெளியேற வழியில்லை.

வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். "மச்சான், எனக்கு உன்னப் பிடிக்கும். ஃபிரண்டா மட்டும் இல்ல." அடுத்து இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: "இப்பவே பதில் சொல்ல வேண்டாம். என்ன சொன்னாலும் நாளைக்கு பெர்லினுக்கு ஒண்ணாதான் போறோம்." அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருங்கள். எத்தனை வருடமாக, எந்த நாளிலிருந்து என்ற கணக்கெல்லாம் இன்றைக்கு வேண்டாம். அது கேட்பவர் தலையில் கடனாக ஏறும். மச்சான் என்ற சொல்லையும் மாற்ற வேண்டாம். ஈழத்திலும் நம் தென்மாவட்டங்களிலும் அது கட்டிக்கொள்ளும் முறையுள்ளவரைக் கூப்பிடும் சொல். இத்தனை வருடம் இருவர் வாயிலும் இருந்த அதே சொல்லில் இதற்கும் இடம் உண்டு.

'ஆம்' என்றால் பூட்டுக்கு வேலை வரும். 'யோசிக்கணும்' என்றால் அது யோசிக்கணும்தான், மறைமுகமான 'ஆம்' என்று எண்ணிக் கையைப் பிடிக்காதீர்கள். 'இல்லடா' என்றால் இன்றிரவே பெர்லின் பதிவை இரண்டு அறைகளாக மாற்றுங்கள். மாற்றியதை ஒரே வரியில் சொல்லுங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நாளை முதல் உள்ள எல்லா இடங்களும் தனியாகவும் போகக்கூடியவையே.

டிசம்பர் 23, ரயிலில்

கொலோனிலிருந்து பெர்லினுக்கு அதிவேக ரயிலில் சுமார் நாலரை மணி நேரம். டிக்கெட்டை ஆளுக்கொன்றாகத் தனித்தனிப் பதிவில் வாங்குங்கள், ஒருவர் மட்டும் மாற்ற நேர்ந்தால் மற்றவர் மாட்டிக்கொள்ள மாட்டார். மலிவான 'ஷ்பார்பிரைஸ்' டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான். ஆனால் 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேரும் என்று தெரிந்தால் வேறு ரயிலில் ஏறலாம். 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடம் ஆனால் 50 சதவீதமும் திருப்பித் தருவார்கள், கேட்டு வாங்க வேண்டும். இருக்கைக்குத் தனிக் கட்டணம் கட்டிப் பதிவு செய்துவிடுங்கள். விடுமுறை முந்தைய நாளில் பதிவில்லாதவர்கள் கதவருகே பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் போவார்கள். மேசை போட்ட நால்வர் இருக்கையைவிடச் சன்னலோர இருவர் இருக்கை மேல். நேற்றைய பேச்சுக்குப் பிறகு அந்நியர் எதிரில் உட்கார்ந்து வரக் கூடாது.

வழியில் ஹம் நகரம். கொலோன் பக்கமிருந்து வரும் பாதி ரயிலும் ரூர் பகுதியிலிருந்து வரும் பாதி ரயிலும் சில வண்டிகளில் இங்கேதான் ஒன்றாக இணைவதுண்டு. வண்டி மெல்ல ஊர்ந்து, மூக்கோடு மூக்கு முட்டி, ஒரு சின்னக் குலுக்கல், அவ்வளவுதான், பிறகு ஒரே ரயில். போகும்போது எந்தப் பாதியில் இருந்தாலும் பெர்லின்தான். திரும்பும்போது அப்படிப்பட்ட வண்டி இதே இடத்தில் பிரியும், அப்போது பெட்டி எண்ணைப் பார்க்காமல் ஏறினால் வேறு ஊரில் இறங்க நேரிடும். நம்மவர்களுக்கு இந்த ஊர் வேறு விதத்தில் தெரிந்திருக்கும். ஈழத்தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் ஹம்-உவென்ட்ரோப்பில் இருக்கிறது, 2002-இல் குடமுழுக்கு.

பெர்லினில் இறங்கியதும் முதல் வேலை கடை. 24-ஆம் தேதி கடைகள் மதியம் இரண்டு மணிக்குள் மூடிவிடும், பிறகு 25, 26 இரண்டு நாளும் திறக்காது. 27 ஞாயிறாக வந்தால் இன்னொரு நாள். அரிசி, முட்டை, ரொட்டி, பால், தலைவலி மாத்திரை, ஆணுறை, தண்ணீர் சார்ந்த வழுக்கும் பசை எல்லாம் இன்றே. எண்ணெய் சார்ந்த எதுவும் ஆணுறையைக் கிழிக்கும், நம் தேங்காயெண்ணெயும் அதில் சேர்த்தி. இதை வாங்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டால் 24 மதியத்துக்குப் பிறகு இரண்டு நாள் கடை இல்லை. அசம்பாவிதமாக ஏதாவது ஆனால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை முதல் நாளிலேயே தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். மருத்துவமனை அவசரப் பிரிவு விடுமுறையிலும் திறந்திருக்கும்.

டிசம்பர் 24, பெர்லின்

மாலை நாலு மணிக்கு இருட்டு. தெருவில் ஆளில்லை, உணவகங்களில் பலவும் மூடல், வீடுகளில் மட்டும் வெளிச்சம். ஜெர்மன் குடும்பங்கள் இன்றிரவு வீட்டுக்குள்தான் இருக்கும். சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்திருந்தால் அவர்கள் சாப்பிடுவதையே சமைக்கலாம்: உருளைக்கிழங்கு சாலடும் வியன்னா சாசேஜும்.

இருவருக்கு 600 கிராம் உருளைக்கிழங்கு. பையில் 'ஃபெஸ்ட்கோஹென்ட்' என்றிருப்பதை வாங்குங்கள், பெரும்பாலும் பச்சை நிறச் சீட்டு. 'மேலிஷ்' என்ற நீலச் சீட்டு வகை மசித்துக் கூழாகிவிடும், அது வேறு சமையலுக்கு. தோலோடு 20 முதல் 25 நிமிடம் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உரித்து வட்டமாக நறுக்குங்கள். 125 மில்லி சூடான, காய்கறி வேகவைத்த சாற்றில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, பொடியாக அரிந்த வெங்காயம், உப்பு, மிளகு கலந்து மேலே ஊற்றுங்கள். சூடான கிழங்குதான் சாற்றை உறிஞ்சும். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயைக் கடைசியில் விடுங்கள். முதலிலேயே விட்டால் கிழங்கின் மேல் படலம் போட்டுச் சாற்றை உள்ளே விடாது. ஊறுகாய் வெள்ளரி இரண்டை நறுக்கிப் போட்டு ஒரு மணி நேரம் வெளியிலேயே ஊற வையுங்கள். தென்ஜெர்மனிப் பாணி இது, பெர்லின்காரர்கள் மயோனைஸ் சேர்ப்பார்கள். சாசேஜைக் கொதிக்கும் நீரில் போட்டால் வெடிக்கும். அடுப்பை அணைத்த வெந்நீரில் பத்து நிமிடம் கிடந்தால் போதும்.

ஒருவர் உரிக்க, ஒருவர் நறுக்கச் சரியாக ஒரு மணி நேரத்து வேலை. 22-ஆம் தேதி பேசியது பாதியில் நின்றிருந்தால் இங்கே தொடரும். கைக்கு வேலை இருக்கும்போது வாய் தயங்குவதில்லை.

டிசம்பர் 25, பெர்லின்

இன்று கடைகள் மூடியிருப்பதால் திறந்தவெளி இடங்கள். பிராண்டன்பர்க் வாயிலிலிருந்து ஐந்து நிமிடத்தில், டியர்கார்ட்டன் பூங்காவின் ஓரத்தில், தனியாக ஒரு கான்கிரீட் கட்டி சாய்ந்து நிற்கும். நாஜி ஆட்சியில் துன்புறுத்தப்பட்ட தன்பாலீர்ப்பாளர்களுக்கான நினைவிடம், 2008-இல் திறந்தது. அதில் ஒரு சிறு சன்னல். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தால் முத்தமிடும் இணையின் படம் ஓடிக்கொண்டிருக்கும். சன்னல் சின்னது. இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டுமென்றால் கன்னம் உரச நிற்க வேண்டும்.

பிறகு நோலன்டோர்ஃப்பிளாட்ஸ். சுரங்க ரயில் நிலையத்தின் தெற்குச் சுவரில் 1989-இல் பதித்த முக்கோணக் கல் இருக்கிறது. சுற்றியுள்ள தெருக்கள் 1920-களிலேயே தன்பாலீர்ப்பாளர்கள் கூடிய இடங்கள். மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் பெர்லினில் 1919-இல் பாலியல் ஆய்வு நிலையம் தொடங்கினார். 1933 மே 6 அன்று அதைச் சூறையாடினார்கள், நான்கு நாள் கழித்து அதன் நூல்களையும் எரித்தார்கள். எரித்த இடமான பெபல்பிளாட்ஸில் தரையில் கண்ணாடி பதித்து, கீழே வெறும் அலமாரிகளை வைத்திருக்கிறார்கள்.

ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய ஜெர்மனியின் 175-ஆம் சட்டப்பிரிவு போரோடு போய்விடவில்லை. 1935-இல் நாஜிகள் கடுமையாக்கிய அதே வடிவில் மேற்கு ஜெர்மனி 1969 வரை வைத்திருந்தது, சுமார் 50,000 ஆண்களுக்குத் தண்டனை கொடுத்தது. முழுதாக நீக்கியது 1994-இல். 2017 அக்டோபர் 1 முதல் இரு ஆண்கள் இங்கே மணம் செய்துகொள்ளலாம். நம் நாட்டில் அதே வகைச் சட்டப்பிரிவான 377-இன் பிடி தளர்ந்தது 2018 செப்டம்பர் 6 அன்று, திருமண உரிமையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தரவில்லை. இலங்கையில் அப்படிப்பட்ட 365, 365ஏ பிரிவுகள் இன்னும் ஏட்டில் இருக்கின்றன. இங்கே கைகோத்து நடந்துவிட்டு ஊர் திரும்பும் இருவருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 26, பெர்லின்

மழை இருந்தால் தூங்குங்கள். இல்லையென்றால் டியர்கார்ட்டனில் நடை.

படங்களைப் பற்றி இன்றே பேசி முடிவெடுங்கள். எந்தப் படம் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு, எது இருவருக்கு மட்டும் என்று தனி ஆல்பமாகப் பிரியுங்கள். கைப்பேசியில் தானாகப் பகிரும் குடும்ப ஆல்பம் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், வீட்டுத் தொலைக்காட்சியில் படம் ஓடிய பிறகு பார்த்துப் பயனில்லை. ஸ்டேட்டஸ் போடுவதானால் யார் யார் பார்க்கலாம் என்ற பட்டியலைச் சரிசெய்யுங்கள். ஒருவர் வீட்டில் சொல்லத் தயாராக இருக்கலாம், மற்றவர் இல்லாமல் இருக்கலாம். தயாராக இல்லாதவரின் வேகம்தான் இருவருக்கும்.

டிசம்பர் 27, பெர்லின்

ஞாயிறாக இல்லாவிட்டால் கடைகள் திறந்துவிட்டன. மெத்தை விற்கும் கடையில் 'லீபெஸ்ப்ரூக்கே' என்று கேளுங்கள். காதல் பாலம் என்று பொருள். முதல் நாள் சொன்ன விருந்தாளி இடுக்கை அடைப்பதற்கென்றே செய்த நுரைப்பட்டை, குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'டி' எழுத்து வடிவம். ஜெர்மனியில் குடியிருக்கும் இணைக்குத்தான் இது உதவும், நம் ஊர் ஒற்றை மெத்தைக்குத் தேவையில்லை. வாங்கும் முன் மெத்தையின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் 200 செ.மீ. இரண்டு மெத்தைகளும் ஒரே உயரமாக இருக்க வேண்டும், ஒன்று தாழ்ந்திருந்தால் பட்டை சாய்ந்து நடுவில் மேடு தட்டும். தண்டுப் பகுதியை இடுக்குக்குள் முழுதாக அழுத்தி, மேலே இரண்டு மெத்தைக்கும் சேர்த்து 180 செ.மீ. அகல விரிப்பு ஒன்றை இழுத்து மாட்டுங்கள். தனித்தனி விரிப்பு போட்டால் விடிவதற்குள் பட்டை வெளியே வந்துவிடும். போர்வையை மட்டும் இரண்டாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றாக்கினால் குளிர்காலத்தில் ஒருவர் இழுத்துக்கொள்வார், மற்றவர் விறைப்பார்.